கல்கத்தாவில் நான்கு நாட்கள்: எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போவது

"ஜனவரியில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான்கு நாட்கள் கல்கத்தா போகிறேன். அக்கா, நீங்கள் அங்கே பல வருடங்கள் இருந்தவர். விக்டோரியா மெமோரியல், ஹௌரா பாலம், தட்சிணேசுவரம் எல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த இடங்களைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா எவ்வளவு தூரமும் நடப்பார்" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பொறுமையாகப் படியுங்கள்.

தம்பி, 1998 முதல் 2011 வரை தென் கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். நடுவில் 2001-இல் ஊரின் பெயர் கொல்கத்தா ஆகிவிட்டது. என் வாயில் இன்னும் கல்கத்தாதான் வருகிறது. போன முதல் ஆண்டு அந்த ஊரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சுவரெல்லாம் ஈரம், எங்கு பார்த்தாலும் கூட்டம், மொழியும் தெரியாது. என் மனத்தை மாற்றியவர் கீழ்வீட்டில் இருந்த ஒரு பெரியம்மா. வங்காளத்தில் அம்மாவின் சகோதரியை அழைப்பதுபோல அவரை 'மாஷிமா' என்று கூப்பிடுவேன். "நீ இந்த ஊரைத் தப்பான நேரத்தில் பார்க்கிறாய்" என்றார் ஒரு நாள். மறுநாள் விடிவதற்கு முன்னால் கதவைத் தட்டி, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். அதனால்தான் உங்களுக்கும் இடத்தோடு நேரத்தையும் சேர்த்தே சொல்கிறேன். கல்கத்தாவில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரம் தவறினால் வெறும் நெரிசலும் தூசியும்தான் கண்ணில் படும். இன்னொன்று, அது கிழக்கத்திய ஊர். ஜனவரியில் மாலை ஐந்தே காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். சென்னைக் கணக்கில் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் பாதி நாள் போய்விட்டது என்று அர்த்தம்.

மாஷிமா அன்றைக்கு அழைத்துப்போனது மல்லிக் படித்துறைப் பூச்சந்தைக்கு. ஹௌரா பாலத்தின் கிழக்கு முனையில், பாலத்துக்கு அடியிலேயே இருக்கிறது. காலை ஆறு, ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். மதுரையிலும் தோவாளையிலும் பூச்சந்தை பார்த்தவர்களுக்குக்கூட இது வேறு உலகமாகத் தெரியும். நம் சந்தைகளில் மல்லிகைதான் ராணி. அங்கே செண்டுமல்லியும் நிலச்சம்பங்கியும்தான் ஆட்சி. செண்டுமல்லியை நாம் படியிலும் எடையிலும் வாங்குவோம். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் நீளும் சரங்களாகக் கோத்து, இருபது இருபது சரங்களை ஒரு கட்டாக்கி, மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மனிதரே தெரியமாட்டார், பூக்குவியல் ஒன்று தானாக நடந்து வருவதுபோல் இருக்கும். காளிக்குச் சாத்தும் செம்பருத்தியை மொட்டாகவே பறித்துக் கட்டிக் கொண்டுவருகிறார்கள். சந்தையைக் கடந்து நான்கைந்து படி இறங்கினால் ஆறு. வரைபடத்தில் ஹூக்ளி என்று போட்டிருக்கும், அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, கங்கை என்றுதான் சொல்வார்கள். ஒரு பக்கம் குளிக்கிறவர்கள், ஒரு பக்கம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தண்டால் எடுக்கிறவர்கள், தலைக்கு மேலே பாலம்.

அந்தப் பாலத்தைக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். 1943-இல் திறந்தது. சுமார் 26,500 டன் எஃகு. நட்டு, போல்ட்டு எதுவும் இல்லாமல் முழுக்க முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியது. ஆற்றுக்குள் தூண் கிடையாது. மேலே இருக்கும் சட்டத்திலிருந்து தொங்கும் எஃகுத் தண்டுகள்தான் சாலையைத் தாங்குகின்றன. இந்தத் தண்டுகளின் அடிப்பகுதியில் வழிப்போக்கர்கள் வெற்றிலைப் பாக்குச் சாறு துப்பித் துப்பி எஃகே அரித்துப்போக ஆரம்பித்தது. கடைசியில் கண்ணாடியிழை உறை போட்டு மூடினார்கள். நடைபாதையில் போகும்போது அப்பாவுக்குக் காட்டுங்கள். அம்மாவைச் சந்தைக்குள் அழைத்துப்போக வேண்டாம். தரையெல்லாம் நசுங்கிய பூவும் சேறும், வழுக்கும். தலைச்சுமைக்காரர்கள் யாருக்காகவும் நிற்கமாட்டார்கள், நிற்கவும் முடியாது. அம்மாவுக்கு நான் சொல்வது படகுத்துறை. ஹௌரா ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. அங்கே படகை 'லஞ்ச்' என்பார்கள். டிக்கெட்டுக்குச் சில ரூபாய்தான். பாக்பஜார் போகும் லஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டால் பாலமும் பூச்சந்தையும் படித்துறைகளும் அம்மாவைத் தேடி வரும். ஒரு முறை ஆற்றைப் படகில் கடந்தவர்கள், திரும்பும்போது ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோவில் வாருங்கள். 2024 மார்ச்சில் திறந்தது. ஹௌராவுக்கும் ஊரின் மையத்தில் இருக்கும் எஸ்பிளனேடுக்கும் நடுவில் சுமார் 520 மீட்டர் தூரம் ஆற்றுக்குக் கீழே போகிறது, முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும். 1984-இல் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியதும் இதே ஊரில்தான்.

இனி எனக்கு உயிரான இடம், குமார்துலி. வட கல்கத்தாவில் சோபாபஜார் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். ரிக்‌ஷா கிடைக்கும், அம்மா கவலைப்பட வேண்டாம். துர்கா பூஜைக்குச் சிலை செய்கிற குயவர்களின் தெரு. எல்லோரும் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் போகச் சொல்வார்கள். நான் ஜனவரி என்றுதான் சொல்வேன். வசந்த பஞ்சமிக்குச் சரஸ்வதி பூஜை வருகிறது அல்லவா? வங்காளத்தில் அது பள்ளிப் பிள்ளைகளின் திருவிழா. பள்ளிக்கூடம், கல்லூரி, தெருமுனை மன்றம், வீடு என்று எல்லா இடத்துக்கும் ஒரு சரஸ்வதி வேண்டும். அதனால் அந்த மாதம் சந்து முழுக்க வீணை பிடித்த வெள்ளைச் சரஸ்வதிகள் வரிசை கட்டி நிற்பார்கள். புரட்டாசியில் இருக்கும் புகைப்படக்காரர் கூட்டமும் அப்போது இருக்காது.

காலை பத்து மணிக்குப் போங்கள். வேலை அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். முதலில் மூங்கில் சட்டம். அதன்மேல் வைக்கோலைத் திரித்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு செய்வார்கள். இடுப்பு வளைவு, தோள் சாய்வு எல்லாம் வைக்கோலிலேயே வந்துவிடும். தலை மட்டும் இருக்காது. தலையை அச்சில் வார்த்துத் தனியே காயவைத்திருப்பார்கள். ஒரு பலகையில் முப்பது முகங்கள் கண் திறக்காமல் வரிசையாகக் கிடக்கும். விரல்களும் அப்படித்தான், தனித்தனியாக உருட்டிக் காயவைத்து ஒட்டுவது. வைக்கோலின்மேல் முதல் பூச்சுக்கு உமி கலந்த களிமண். அது காய்ந்து வெடித்த பிறகு, நைந்த துணியைக் கிழித்துக் குழைத்த மண்ணில் தோய்த்து வெடிப்பின்மேல் ஒட்டி, அதற்கும் மேல் வழவழப்பான மண் பூசி, விரலாலேயே தேய்ப்பார்கள். கண் எழுதுவது கடைசியில்.

அந்தக் கண் எழுதும் நேரத்தை நான் ஒரே ஒரு முறை அருகில் நின்று பார்த்தேன். பட்டறைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். காலை மடித்து ஸ்டூல் மேல் குந்தியிருந்தார். இடது கை மணிக்கட்டின்மேல் வலது கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டார். மெல்லிய தூரிகையைக் கறுப்பில் தொட்டு, மூச்சை நிறுத்தி, மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கம் வரை ஒரே இழுப்பு. தூரிகையை எடுத்த பிறகுதான் மூச்சு விட்டார். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த பையன்கள் அந்த நேரம் தானாகவே வாயை மூடிக்கொண்டார்கள். அதுவரை மண்ணாக இருந்தது சட்டென்று நம்மைப் பார்த்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது. 2021-இல் யுனெஸ்கோ துர்கா பூஜையை மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தபோது நான் நினைத்துக்கொண்டது அந்தப் பெரியவரைத்தான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வேலை செய்கிறவர்களின் வழியை மறித்து நிற்காதீர்கள். சந்து ஓர் ஆள் அகலம்தான்.

அங்கிருந்து ஆற்றுப் பக்கம் நடந்தால் சர்க்குலர் ரயிலின் தண்டவாளம் குறுக்கே வரும். அதைத் தாண்டினால் படித்துறை. வடக்கே பாக்பஜார். 1868-இல் நோபின் சந்திர தாஸ் ரசகுல்லா செய்த பேட்டை அது. விவேகானந்தரின் சீடர் நிவேதிதா வாழ்ந்த வீடும் அங்கேதான் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். பாரதி அவரைக் கல்கத்தாவில் சந்தித்துத் தன் குருவாகவே ஏற்றுக்கொண்டார். உங்கள் அப்பா பாரதி படிக்கிறவராக இருந்தால் அவரை வெளியே கிளப்புவது கஷ்டம்.

ஜனவரி என்று சொன்னீர்களே, அதற்காகவே உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை. அது நொலேன் குர் காலம். ஈச்ச மரத்தின் உச்சியில் சீவி, இரவு முழுக்க மண் கலயம் கட்டி இறக்கும் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம். நம் கருப்பட்டிக்கு உறவுதான், ஆனால் அந்தப் புகை வாசனையும் மென்மையும் வேறு. குளிர்காலம் போனால் அதுவும் போய்விடும். பாலைத் திரித்துச் செய்யும் 'சந்தேஷ்' இனிப்பை இந்த வெல்லம் சேர்த்துத் தின்ன, வட கல்கத்தாவில் ஹேதுவா பக்கத்தில் இருக்கும் நகூர் கடைக்குப் போங்கள். கிரீஷ் சந்திர தே, நகூர் சந்திர நந்தி என்று பலகையில் முழுப் பெயர் இருக்கும். 1844-இலிருந்து நடக்கிறது. உட்கார இடம் கிடையாது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கொடுப்பார்கள், தெருவில் நின்றே தின்ன வேண்டும். 'ஜல்பரா' என்று கேட்டு வாங்குங்கள். கடித்தால் உள்ளேயிருந்து இளகிய வெல்லம் ஒழுகும். முதல் கடியிலேயே சட்டையில் கொட்டிக்கொள்ளாதவர் யாரையும் நான் பார்த்ததில்லை, கைக்குட்டையோடு போங்கள். ரசகுல்லாவை எல்லா ஊரிலும் தின்னலாம். இதை அந்த ஊரில், அந்த மாதத்தில்தான் தின்ன முடியும்.

பிற்பகல் மூன்று மணிக்குமேல் காலேஜ் ஸ்ட்ரீட். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான புத்தகக் கடைகள் அடைத்திருக்கும். 1817-இல் இந்துக் கல்லூரியாகத் தொடங்கிய பிரசிடென்சி, 1835-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, 1857-இல் வந்த பல்கலைக்கழகம் மூன்றும் ஒரே சாலையில். அவற்றின் சுற்றுச்சுவரை ஒட்டிப் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய புத்தகப் பெட்டிக்கடைகள். கடைக்காரரிடம் தலைப்பைச் சொன்னால் போதும். தன்னிடம் இல்லையென்றால் ஒரு பையனை ஓடவிட்டு ஐந்து நிமிடத்தில் வேறு கடையிலிருந்து வரவழைத்துவிடுவார். நம் மூர் மார்க்கெட் எரிந்துபோனதை நினைத்து ஏங்குகிறவர்கள் இங்கே வந்தால் அழுதுவிடுவார்கள்.

எதிரே மாடியில் இந்தியன் காபி ஹவுஸ். முன்னாளில் ஆல்பர்ட் ஹால். இப்போது ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. உயரமான கூரை, தொங்கும் மின்விசிறிகள், சுவரில் பெரிய தாகூர் படம், தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள். காபி நம் நாக்குக்குத் தண்ணீர்போல இருக்கும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பால் இல்லாத காபி வேண்டுமானால் 'இன்ஃப்யூஷன்' என்று கேட்க வேண்டும். அங்கே போவது பேச்சைக் கேட்க. ஒரு காபியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசினாலும் எழுந்திருங்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தப் பேச்சுக்கு 'அட்டா' என்று பெயர். வங்காளிகளுக்கு அது சோறு தண்ணீர் மாதிரி. மாடி ஏற முடியாவிட்டால் அம்மாவைக் காலேஜ் ஸ்கொயர் குளத்தருகே இருக்கும் பாரமவுன்ட் சர்பத் கடையில் உட்கார வையுங்கள். 1918-இல் ஆரம்பித்த கடை. பளிங்கு மேசை. இளநீரும் அதன் வழுக்கையும் போட்ட 'டாப் சர்பத்' அவருக்கு நிச்சயம் பிடிக்கும். வேதியியலறிஞர் பிரபுல்ல சந்திர ராய்தான் அதன் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தார் என்பது அந்தத் தெருவே சொல்லும் கதை.

அங்கிருந்து கொஞ்சம் தெற்கே பவ்பஜார். 210-ஆம் எண். அங்கே இப்போது ஒரு கல்லூரி இருக்கிறது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துப்போய்க் காட்டுவேன். 1907-இல் நிதித்துறை அதிகாரியாக அந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது சி.வி.ராமனுக்குப் பத்தொன்பது வயது நிரம்பவில்லை. டிராமில் அலுவலகம் போகும்போது, இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் என்ற பலகையைப் பார்த்துவிட்டு இறங்கினார் என்று சொல்வார்கள். அதன் பிறகு பத்து ஆண்டுகள் பகலில் கணக்கு வேலை, காலையிலும் இரவிலும் அந்தச் சங்கத்தின் ஆய்வுக்கூடம். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவைக் கண்டது அந்த முகவரியில்தான். கூட இருந்து உழைத்தவர் வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணன். சங்கம் பின்னர் ஜாதவ்பூருக்குப் போய்விட்டது. அந்த நடைபாதையில் ஒரு நிமிடம் நின்றால் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

டிராம் என்றதும் இன்னொன்று. மின்சார டிராம் 1902-இலிருந்து ஓடுகிறது. சென்னையில் 1953-இல் நின்றுபோனது இங்கே ஓடிக்கொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் மாநில அரசு எஸ்பிளனேடு–மைதான் வழியைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தது. நீங்கள் போகிற வாரம் எது ஓடுகிறது என்று எஸ்பிளனேடு டிப்போவிலேயே கேளுங்கள். மைதான் வழி ஓடினால் காலையில், பனிமூட்டத்தில், அந்தப் பெரிய புல்வெளியின் மரங்களுக்கு நடுவே மணியடித்துக்கொண்டு போகும் வண்டியில் மரப்பலகை இருக்கையில் உட்கார்ந்து போங்கள். பத்துப் பதினைந்து நிமிடப் பயணம்தான். கிடைக்கும்போது ஏறிவிடுங்கள். அதே காலையில் விக்டோரியா மெமோரியலின் தோட்டத்தையும் முடித்துவிடலாம். 1921-இல் திறந்த கட்டடம், வெளியிலிருந்து பார்ப்பதே அழகு. உள்ளே போக வரிசையில் நிற்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உச்சி வெயிலுக்கு ஓர் இடம் உண்டு, பார்க் ஸ்ட்ரீட்டின் கோடியில் இருக்கும் பழைய ஐரோப்பியர் கல்லறை. கல்லறையா என்று அம்மா முகம் சுளித்தால் வற்புறுத்தாதீர்கள், அவரை ஓட்டலில் ஓய்வெடுக்க விட்டுவிட்டு அப்பாவோடு போங்கள். 1767-இல் தொடங்கிய இடம். மரங்கள் அடர்ந்து வெயிலே இறங்காது. கோபுரமும் பிரமிடுமாகப் பாசி படிந்து நிற்கும் சமாதிகள். மிக உயரமான ஊசிக்கோபுரம் 1784-இல் ஆசியக் கழகத்தைத் தொடங்கிய வில்லியம் ஜோன்ஸுடையது. கல்வெட்டுகளில் வயதைப் படித்துக்கொண்டே போங்கள். பத்தொன்பது, இருபத்து மூன்று, கைக்குழந்தை. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து இல்லாத காலம். ஆளப் பிறந்தவர்கள் என்று எண்ணி வந்தவர்கள் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. வரலாற்றுப் புத்தகத்தில் இது இவ்வளவு உறைப்பதில்லை.

தட்சிணேசுவரம் காளி கோவிலுக்கு எப்படியும் போவீர்கள். காலையில் அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்து படகிலேயே பேலூர் மடத்துக்குப் போங்கள், சாலையில் போக வேண்டாம். பேலூரை மதியம் மூடிவிடுவார்கள், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் சாப்பாட்டுக்கு அம்மா ஏங்கினால் லேக் மார்க்கெட். தமிழர்கள் பல காலமாகக் குடியிருக்கும் பகுதி. வாழையிலை, முருங்கைக்காய், காபிப்பொடி எல்லாம் கிடைக்கும். கோமள விலாஸில் இலைபோட்டுச் சாப்பிடலாம். சாப்பாட்டோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே ரவீந்திர சரோபர். 1920-களில் வெட்டிய ஏரி. மறுநாள் காலை ஆறரைக்கு அங்கே வந்து ஒரு பெஞ்சில் உட்காருங்கள். பனியில் அக்கரை தெரியாது. துடுப்புப் படகு ஓட்டும் பிள்ளைகளின் குரல் முதலில் கேட்கும், படகு பிறகுதான் தெரியும். குரங்குக் குல்லா போட்ட தாத்தாக்கள் கும்பல் கும்பலாக நடந்தபடியே அரசியல் பேசுவார்கள். நானும் மாஷிமாவும் பதின்மூன்று ஆண்டுகள் நடந்த பாதை அது. அவர் இப்போது இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறேன்.

ரயிலில் திரும்புவதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். சென்னை வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹௌராவிலிருந்து கிளம்புவதில்லை, ஷாலிமாரிலிருந்து பிற்பகலில் கிளம்புகிறது. அது உங்களுக்கு நல்லதுதான். ஷாலிமாருக்குப் பக்கத்திலேயே சிப்பூர் தாவரவியல் தோட்டம் இருக்கிறது. 1787-இல் அமைத்தது. பெட்டி படுக்கையை நிலையத்தில் வைத்துவிட்டுக் காலையில் அங்கே போய்விடலாம். பெரிய ஆலமரத்தைப் பாருங்கள். 250 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. தாய்மரத்தில் நோய் கண்டதால் 1925-இல் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். 3,000-க்கும் அதிகமான விழுதுகள் மரத்தை இன்றும் நிறுத்திவைத்திருக்கின்றன. 1989 புயலில் அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் சாய்ந்தது உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். அதைப்போலவே இங்கும் நடுவில் வெற்றிடம், சுற்றிலும் காடு.

சந்தேஷை ஊருக்கு வாங்கிவர நினைத்தால் 'கடாபாக்' என்று கேளுங்கள். இறுகக் கிண்டியது, இரண்டு நாள் தாங்கும். 'நரம்பாக்' மிருதுவானது, மறுநாள் மாலை சென்னை வருவதற்குள் புளித்துவிடும். அதை ஷாலிமார் நடைமேடையிலேயே மூவரும் உட்கார்ந்து தின்றுவிடுங்கள்.